அமெரிக்க ரெசிடென்சியும் சோஷியல் மீடியாவும்: விண்ணப்பிக்கும் டாக்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் சிறப்புப் பயிற்சிக்கு, முயலும் டாக்டர்களுக்காக எழுதிய பக்கம் இது. தேர்வுக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராம், எக்ஸ், லிங்க்ட்இன், டெலிகிராம் என்று வந்துவிட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். "எல்லாக் கணக்கையும் அழித்துவிடு" என்பார் ஒரு சீனியர். "தினமும் புரோகிராம் பக்கத்தில் கமெண்ட் போடு, உன்னைக் கவனிப்பார்கள்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறான யோசனை. சோஷியல் மீடியா யாருக்கும் ரெசிடென்சி வாங்கித் தருவதில்லை. ஆனால் கைக்கு வந்த இடத்தை அது பறித்த சம்பவங்கள் உண்டு. ஒரு புரோகிராமில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தூரத்திலிருந்து விசாரிக்கவும் அதுதான் நமக்கு இருக்கும் மலிவான வழி.

ரெசிடென்சி புரோகிராம்களுக்கு இன்ஸ்டாகிராமில் என்ன வேலை?

2020 வரை இன்டர்வியூ என்றால் நேரில்தான். வார்டைச் சுற்றிப் பார்க்கலாம், முந்தைய நாள் இரவு ரெசிடென்ட்களோடு சாப்பிடலாம், அவர்கள் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். கோவிட் வந்ததும், 2020 மே மாதத்தில், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. எல்லா இன்டர்வியூக்களையும் ஆன்லைனில் நடத்தப் பரிந்துரைத்தது. மருத்துவமனையைக் காட்ட வேறு வழி இல்லாமல் போனதால், அந்தக் கோடையிலேயே துறைக்குத் துறை புதிய இன்ஸ்டாகிராம், ட்விட்டர் கணக்குகள் முளைத்தன. ஒரு நாள் முழுக்கக் கணக்கை ஒரு ரெசிடென்டிடம் கொடுத்து "என் ஒரு நாள் டியூட்டி" என்று ஸ்டோரி போடச் சொல்வது, ஜூமில் விண்ணப்பதாரர்களைச் சந்திக்கும் ஓபன் ஹவுஸ் நடத்துவது எல்லாம் அப்போதுதான் பரவலாயின. கோவிட் போன பிறகும் பெரும்பாலான இன்டர்வியூக்கள் ஆன்லைனிலேயே நடப்பதால் இந்தக் கணக்குகளும் தொடர்கின்றன.

விமான டிக்கெட்டும் ஹோட்டல் செலவும் மிச்சம் என்பதால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு, அதாவது ஐ.எம்.ஜி.க்களுக்கு, இந்த மாற்றம் பெரிய உதவி. அதற்கான விலை என்னவென்றால், மூன்று வருடம் வேலை செய்யப்போகும் இடத்தைக் கண்ணால் பார்க்காமலே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

புரோகிராம் டைரக்டர் என் கணக்கைத் தேடிப் பார்ப்பாரா?

சிலர் பார்ப்பார்கள், பலர் பார்க்க மாட்டார்கள். 2012இல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வில், அறுவை சிகிச்சை புரோகிராம் டைரக்டர்களில் சுமார் 17 சதவீதம் பேர் விண்ணப்பதாரரின் சோஷியல் மீடியா பக்கத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படிப் பார்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், பார்த்த பிறகு அந்த நபரைத் தர வரிசையில் கீழே இறக்கியிருக்கிறார்கள். பழைய ஆய்வுதான். இருந்தாலும் நிலைமை அதில் தெளிவாகத் தெரிகிறது: பார்ப்பவர்கள் குறைவு, பார்த்தால் விளைவு உண்டு.

டைரக்டரே பார்க்க வேண்டும் என்றும் இல்லை. இன்டர்வியூ நாளில் உங்களோடு பேசும் ரெசிடென்ட் மறுநாள் உங்கள் பெயரைத் தட்டிப் பார்க்கலாம், புரோகிராம் கோஆர்டினேட்டர் பார்க்கலாம். யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். எனவே உங்கள் பெயரையும் கல்லூரிப் பெயரையும் கூகுளில் நீங்களே ஒருமுறை தேடுங்கள், லாகின் செய்யாத பிரவுசரில். வருகிற முதல் இரண்டு பக்கங்கள்தான் அவர்களும் பார்க்கப்போவது.

அப்படிப் பார்ப்பது நியாயமா?

என்னைக் கேட்டால், பெரும்பாலும் நியாயமில்லை. இதற்குப் பெரிய உதாரணம் 2020இல் நடந்தது. வாஸ்குலர் சர்ஜரி துறையின் ஒரு முன்னணி ஆய்விதழில், இளம் சர்ஜன்களின் சோஷியல் மீடியாவில் "தொழிலுக்குத் தகாத" பதிவுகள் எவ்வளவு என்று கணக்கிட்ட கட்டுரை வந்தது. கணக்கிடுவதற்காகவே புதிதாகக் கணக்குகள் தொடங்கி, யாருடைய சம்மதமும் கேட்காமல் ஆராய்ந்திருந்தார்கள். தகாதவை என்று அவர்கள் குறித்த பட்டியலில் மதுக்கோப்பை, நீச்சல் உடைப் படம், கருக்கலைப்பு பற்றியும் துப்பாக்கிச் சட்டம் பற்றியும் சொன்ன கருத்துகள் எல்லாம் இருந்தன. பார்த்துத் தரம் பிரித்தவர்கள் ஆண்கள்.

அந்த ஜூலையில் உலகம் முழுக்கப் பெண் டாக்டர்கள் தங்கள் நீச்சல் உடைப் படங்களை #மெட்பிகினி என்ற ஹேஷ்டேக்கோடு பதிவிட்டார்கள். ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். சில நாட்களில் ஆய்விதழ் மன்னிப்புக் கேட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கடற்கரைக்குப் போன ஒரு பெண் நல்ல சர்ஜனாக இருக்க மாட்டாள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அதை வெளியில் சொல்ல இப்போது தயங்குகிறார்கள், அந்த அளவுக்கு அந்த ஜூலை உதவியது.

கல்யாணப் படம், குழந்தை படம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். கர்ப்பமா, என்ன மதம், எந்த நாட்டுப் பூர்வீகம் என்பதை வைத்து வேலையில் பாகுபாடு காட்ட அமெரிக்காவில் 1964 சிவில் உரிமைச் சட்டமும் 1978 கர்ப்பகாலப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் இடம் தருவதில்லை. இன்டர்வியூவில் இவற்றையும் திருமணமானவரா என்பதையும் கேட்கக் கூடாது என்று புரோகிராம்களுக்குத் தெரியும். வாயால் கேட்க முடியாத அத்தனைக்கும் உங்கள் இன்ஸ்டாகிராம் பதில் வைத்திருக்கிறது என்பதுதான் சிக்கல். குடும்பப் படங்கள் நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நீங்கள் நினைத்தால் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு அழிக்க வேண்டியது அதில் எதுவும் இல்லை.

சரி, உண்மையிலேயே கெடுக்கும் பதிவு எது?

நோயாளி சம்பந்தப்பட்ட எதுவும். இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பழக்கத்தில் இது சாதாரணமாகப் போய்விட்டது. ஹவுஸ் சர்ஜன் காலத்தில் லேபர் வார்டில் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு செல்ஃபி, "முதல் அப்பென்டிசெக்டமி அசிஸ்ட்" என்று தியேட்டரிலிருந்து ஒரு ஸ்டோரி, எக்ஸ்ரே படத்தோடு ஒரு புதிர். வாழ்த்துகள் குவியும், யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் நோயாளியின் தகவலைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் விதிகள், நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய 18 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகின்றன. முழு முகப் படம் அதில் உண்டு, தேதிகள் உண்டு. உங்கள் பழைய பதிவுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதைப் பார்க்கும் டைரக்டரின் மனதில் எழும் கேள்வி, "நாளை என் வார்டிலும் இவர் இதைச் செய்வாரா?" என்பதுதான்.

பெயர் போடவில்லையே என்பது பதிலாகாது. ரோட் ஐலண்டில் ஒரு அவசரப் பிரிவு டாக்டர் ஃபேஸ்புக்கில் பெயர் சொல்லாமல் எழுதிய குறிப்பிலிருந்து, காயத்தின் விவரத்தை வைத்தே வெளியாள் ஒருவர் நோயாளியைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த டாக்டர் வேலையை இழந்தார். 2011இல் மாநில மருத்துவ வாரியம் அவரைக் கண்டித்து 500 டாலர் அபராதமும் விதித்தது. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரில், "இன்று காலை வந்த பாம்புக்கடி கேஸ்" என்று எழுதினாலே பாதி ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அடுத்தது வெறுப்பு. கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 2018 ஜூலையில் சேர்ந்த ஒரு ரெசிடென்ட் செப்டம்பரிலேயே வெளியேற வேண்டியிருந்தது. யூதர்களைப் பற்றி அவர் பல வருடங்களுக்கு முன் எழுதிய ட்வீட்கள்தான் காரணம், யூத நோயாளிகளுக்குத் தவறான மருந்து கொடுப்பேன் என்று எழுதியது உட்பட. நம்மிடையே இது சாதிப் பெருமை மீம், இன்னொரு மதத்தைக் கேவலப்படுத்தும் ஃபார்வர்டு, வடநாட்டுக்காரர்களைப் பற்றிய கிண்டல் என்ற வடிவங்களில் வரும். எழுதியவருக்கு அது விளையாட்டு. மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திப் படிக்கிறவருக்கு அந்தச் சூழல் எதுவும் தெரியாது. அவர் படிப்பது சொற்களை மட்டும்.

மூன்றாவது, பொய். விண்ணப்பத்தில் ஒன்று, லிங்க்ட்இன்னில் வேறொன்று என்று இருந்தால் பிடிபடுவது மிக எளிது.

அரசியல் கருத்துகள்?

கருத்து இருப்பது குற்றமல்ல. பொதுச் சுகாதாரம், இட ஒதுக்கீடு, நீட் பற்றி நியாயமாக எழுதிய பதிவுகள் இருந்தால் அப்படியே இருக்கட்டும். நீட்டைப் பற்றிச் சிந்தித்து எழுதிய ஒருவரை நான் என் புரோகிராமில் விரும்பி எடுப்பேன்.

ஈழம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரும் இதை எழுதுவதில்லை. முள்ளிவாய்க்காலுக்காக விளக்கேற்றுவது நம் துக்கம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறார்கள். இயக்கத்தின் கொடியோ சின்னமோ முகப்புப் படமாக இருந்தால், அதை விசா அதிகாரி நினைவேந்தலாகப் பார்ப்பார் என்று நம்பி இருக்க முடியாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எல்லாவற்றையும் பிரைவேட் ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

விண்ணப்பக் காலத்தில் அது போதும் என்று சில வருடங்களுக்கு முன் சொல்லியிருப்போம். இப்போது விசா அந்த யோசனையை மாற்றிவிட்டது. 2019 மே 31 முதல் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சோஷியல் மீடியா கணக்குப் பெயர்களைக் கேட்கிறார்கள். 2025 மே இறுதியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர், பரிமாற்ற விசா நேர்காணல்களுக்குப் புதிய தேதி கொடுப்பதை நிறுத்தின. ஜூலை 1 அன்று வேலையில் சேர வேண்டிய எத்தனையோ டாக்டர்கள், ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிறவர்கள், தவித்துப்போனார்கள். ஜூன் 18 அன்று மீண்டும் தொடங்கியபோது ஒரு நிபந்தனையும் வந்தது: எஃப், எம், ஜே (மாணவர், பரிமாற்ற) விசா கேட்பவர்கள் எல்லாச் சோஷியல் மீடியா கணக்குகளையும் பப்ளிக் ஆக்க வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தினர்) விசாவுக்கும் அதே விதி. ரெசிடென்சிக்கு விசா எடுத்துப் போகிற ஐ.எம்.ஜி.க்களில் மிகப் பெரும்பாலோர் ஜே-1 அல்லது எச்-1பியில்தான் போகிறார்கள். அதாவது நம் எல்லோருக்கும் இது பொருந்தும்.

செப்டம்பரில் பூட்டி வைத்த கணக்கை ஏப்ரலில் சென்னைத் துணைத் தூதரகத்துக்காகத் திறக்க வேண்டியிருக்கும். ஆகவே பூட்டை நம்பாதீர்கள். அந்நியர் படித்தால் நீங்கள் நின்று பதில் சொல்லக்கூடியவை மட்டும் இருக்கட்டும். பழையவற்றைக் களைய வேண்டுமானால் விண்ணப்பத்துக்கு முன்பே நிதானமாகச் செய்யுங்கள். படிவத்தில் எந்தக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள், மூடிய கணக்கு அந்த 5 ஆண்டுக்குள் பயன்படுத்தியது என்றால் அதையும் சேர்த்து. மறைத்தது தெரிந்தால் விசா மறுக்கப்படலாம், பின்னால் கேட்கும் விசாவையும் அது பாதிக்கும். விதிகள் வேகமாக மாறுவதால், தேதி வாங்குவதற்கு முன் தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒரு டாக்டரின் சொந்தப் படங்களைப் பொதுவில் வை என்று ஒரு அரசாங்கம் கேட்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை, பெண்களுக்கு அது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. ஆனாலும் விதி இருக்கும்வரை அதற்குத் தயாராக இருப்பதைத் தவிர வழியில்லை.

புரோகிராமின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

அந்தப் பக்கம் ஆள் சேர்க்க நடத்தப்படுவது என்பதை மறக்காமல் பாருங்கள். அக்டோபரில் பூசணிக்காய் செதுக்குவார்கள், டிசம்பரில் ஒரே மாதிரி ஸ்வெட்டர் போடுவார்கள், நடுவில் பீட்சா வரும். அவற்றிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

தெரிந்துகொள்ள முடிவது வேறு இடங்களில். ஜூலையில் புதிய இன்டர்ன்களை (முதல் வருட ரெசிடென்ட்களை) அறிமுகம் செய்யும் பதிவுகளைத் தேடி, எந்தக் கல்லூரிகளிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று மூன்று நான்கு வருடங்களுக்குப் பாருங்கள். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், நைஜீரியா என்று கல்லூரிகள் தொடர்ந்து வந்தால் அங்கே ஐ.எம்.ஜி.க்கு உண்மையிலேயே இடமுண்டு. "எல்லோரையும் வரவேற்கிறோம்" என்று எழுதியிருக்கும், ஐந்து வருடத்தில் ஒரு ஐ.எம்.ஜி.கூட இருக்க மாட்டார். அப்புறம், ஜூனில் முடித்துப்போகிறவர்கள் அடுத்த கட்டச் சிறப்புப் பயிற்சியான எந்த ஃபெல்லோஷிப்புக்குப் போகிறார்கள் என்ற பதிவு. முதல் வருடம் பார்த்த முகங்கள் இரண்டாம் வருடப் படத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். பாதியில் காணாமல் போனவர்கள் அதிகமென்றால் கேட்க வேண்டிய கேள்வி அது.

இதில் பணமும் இருக்கிறது. விண்ணப்பங்களை அனுப்பும் ஈராஸ் அமைப்பு, 2024 செப்டம்பரில் தொடங்கிய சீசனில் ஒரு துறைக்கு முதல் 30 விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலரும் அதற்கு மேல் தலா 30 டாலரும் வாங்கியது. நூறு இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதைவிட, ஐ.எம்.ஜி.யை எடுத்த வரலாறே இல்லாத முப்பது இடத்தை இன்ஸ்டாகிராம் பார்த்துக் கழித்துவிட்டால் கிட்டத்தட்ட 900 டாலர் மிச்சம்.

பக்கம் காட்டாதவற்றையும் தேடுங்கள். ஃபிலடெல்ஃபியாவின் ஹானிமன் மருத்துவமனை 2019இல் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரெசிடென்ட்கள் ஒரே கோடையில் வேறு இடம் தேட வேண்டி வந்தது. மருத்துவமனையின் கடன் நிலைமை எந்த ஸ்டோரியிலும் வராது, உள்ளூர்ச் செய்தித்தாளில் வரும். புரோகிராமின் அங்கீகார நிலை, அங்கீகாரம் தரும் அமைப்பான ஏ.சி.ஜி.எம்.இ.யின் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது.

லைக், கமெண்ட் போட்டுக்கொண்டே இருந்தால் இன்டர்வியூ கிடைக்குமா?

கிடைக்காது. ஆர்வத்தைத் தெரிவிக்க இப்போது முறையான வழியே இருக்கிறது. ஈராஸ் விண்ணப்பத்தில் சில புரோகிராம்களுக்கு "சிக்னல்" அனுப்பலாம். சமீபத்திய சீசன்களில் இன்டர்னல் மெடிசினுக்கு 3 தங்கம், 12 வெள்ளி என்று 15 சிக்னல்கள், ஆர்த்தோவுக்கு 30. எண்ணிக்கை குறைவு என்பதால்தான் அதற்கு மதிப்பு. லைக்குக்கு அளவே இல்லை, எனவே மதிப்பும் இல்லை.

ஓபன் ஹவுஸில் கலந்துகொள்வது வேறு விஷயம். பல இடங்களில் வந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். நல்ல ஒரு கேள்வி கேளுங்கள், இணையதளத்தில் பதில் இருக்கும் கேள்வி வேண்டாம். அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 7 மணி என்றால் நமக்கு விடிகாலை, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசிடென்ட்களுக்கு டி.எம். அனுப்பலாமா? டைரக்டருக்கு?

டைரக்டருக்கு இன்ஸ்டாகிராமில் அனுப்பாதீர்கள். கேள்வி இருந்தால் கோஆர்டினேட்டருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்.

ரெசிடென்ட்களுக்கு, குறிப்பாக நம் கல்லூரியிலிருந்து போனவர்களுக்கு, தாராளமாக எழுதலாம். ஸ்டான்லியிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ படித்த சீனியர் ஒருவர் இரண்டு வருடமாக அங்கே இருந்தால், அவர் பத்து நிமிடம் பேசினால் போதும், ஆயிரம் ஸ்டோரிக்குச் சமம். "அண்ணா, எனக்கு இன்டர்வியூ வாங்கித் தர முடியுமா?" என்று தொடங்காதீர்கள். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை, சங்கடம் மட்டும்தான் மிஞ்சும். இப்படிக் கேளுங்கள்: எச்-1பி உண்மையிலேயே தருகிறார்களா, ஜே-1 மட்டும்தானா? சராசரியாக வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பை மதிக்கிறார்களா, மணிக்கணக்கைக் குறைத்து எழுதச் சொல்கிறார்களா? உடம்பு சரியில்லாமல் போன ரெசிடென்டை எப்படி நடத்தினார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். அவர் நம்பிச் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடாதீர்கள். அதற்குப் பிறகு அவர் எந்த ஜூனியருக்கும் பதில் எழுத மாட்டார்.

இன்டர்வியூ முடிந்த பிறகு என்ன பேசலாம்?

விண்ணப்பதாரரும் புரோகிராமும் தரும் தர வரிசைகளைக் கணினியில் பொருத்தி இடம் ஒதுக்குவதுதான் மேட்ச். அதை நடத்தும் என்.ஆர்.எம்.பி.யின் ஒப்பந்தத்தில் நீங்களும் கையெழுத்திடுகிறீர்கள், புரோகிராமும் கையெழுத்திடுகிறது. உங்கள் தர வரிசையைச் சொல்லும்படி அவர்கள் கேட்கக் கூடாது. வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்றும் கேட்கக் கூடாது. அவர்களது வரிசையில் நீங்கள் எங்கே என்று நீங்களும் கேட்கக் கூடாது. இது மின்னஞ்சலுக்கு மட்டுமல்ல, வாட்ஸ்அப்புக்கும் டி.எம்.முக்கும் சேர்த்துத்தான். ஒரு ரெசிடென்ட் "எங்களை எத்தனையாவது போட்டிருக்கிறாய்?" என்று நட்பாகக் கேட்டாலும் அது விதிமீறல்தான்.

தானாக வருகிற புகழ்ச்சியை வைத்து வரிசையை மாற்றாதீர்கள். மேட்ச் அல்காரிதம் விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்கும்படி 1998இல் திருத்தப்பட்டது. திருத்தியவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நீங்கள் உண்மையில் விரும்பும் வரிசையில் போடுவதே உங்களுக்கு நல்லது. புரோகிராம் உங்கள் போஸ்டுக்கு ஹார்ட் போட்டது என்பதற்காக அதை மேலே ஏற்ற வேண்டாம்.

இடம் கிடைக்காமல் சோப் சுற்றுக்குப் போனால், புரோகிராம்களைத் தொடர்பு கொள்ளலாமா?

கூடாது. மேட்ச் வாரத்தில் நிரம்பாத இடங்களுக்காக நடக்கும் சோப் சுற்றில், புரோகிராம் முதலில் உங்களைத் தொடர்பு கொள்ளும்வரை நீங்கள் எந்த வகையிலும் தொடர்பு கொள்ளக் கூடாது. உங்களுக்காக வேறு யாரும் பேசவும் கூடாது. நியூ ஜெர்சியில் முப்பது வருடமாக டாக்டராக இருக்கும் பெரியப்பா, பாசத்தில் ஒரு போன் போட்டாலும் அது உங்கள் விதிமீறலாகப் பதிவாகலாம். அந்த வாரம் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள்.

டெலிகிராமில் "ரீகால்" கேள்விகள் வருகின்றன. சும்மா படிக்கலாமா?

தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிப் பகிரும் கேள்விகள்தான் அவை. குரூப்பை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 2024 ஜனவரி 31 அன்று, நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் பலரின் மதிப்பெண்களை, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் நிர்வாகம் செல்லாது என்று அறிவித்து, மறுபடி எழுதினால்தான் ஆயிற்று என்றது. விண்ணப்ப சீசன் நடுவில் வந்த அடி அது. தேர்வுக் கேள்விகளைப் பகிர்வதும் தேடுவதும் முறைகேடாகக் கருதப்படும், நிரூபணமானால் மதிப்பெண் பட்டியலிலேயே குறிப்பு ஏறும். எல்லா புரோகிராமும் அதைப் படிக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு ஆய்வுக் கட்டுரையில் பெயர் சேர்ப்பதாக வரும் விளம்பரங்களும் இதே ரகம். யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரியில் வெறும் தேர்ச்சி, தோல்வி என்று மாறியபின் பேப்பர் எண்ணிக்கைக்கான பதற்றம் கூடிவிட்டது, அதை விற்பவர்களும் கூடிவிட்டார்கள். இன்டர்வியூவில் "இந்தக் கட்டுரையில் உங்கள் வேலை என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

லிங்க்ட்இன்னில் அப்சர்வர்ஷிப்பை எப்படிப் போடுவது?

இருந்ததை இருந்தபடி: "அப்சர்வர்". சுற்றுலா, வணிக விசாவில் போய் ஒரு மாதம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கிளினிக்கல் ஃபெல்லோ" என்றோ "பணிபுரிகிறார்" என்றோ எழுதினால் இரட்டை ஆபத்து. புரோகிராம் அதைப் பொய் என்று நினைக்கும், விசா அதிகாரி அனுமதியில்லாமல் வேலை பார்த்ததாக நினைப்பார். மருத்துவமனைக்குள் எடுத்த படங்களில் பின்னால் உள்ள வெள்ளைப் பலகையையும் கம்ப்யூட்டர் திரையையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே போடுங்கள். போடாமலே விடுவது இன்னும் நல்லது.

எனக்குக் கணக்கே இல்லை. குறையா?

இல்லவே இல்லை. கணக்கு இல்லாதவர் ஏதோ மறைக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. புரோகிராம்களைப் பின்தொடர மட்டும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம், விசா படிவத்தில் அதையும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ரெடிட், கூகுள் ஷீட்டில் மற்றவர்களுக்கு வந்த இன்டர்வியூ எண்ணிக்கையைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை.

அங்கே எழுதுபவர்கள் பெரும்பாலும் நல்ல செய்தி உள்ளவர்கள். இருபது இன்டர்வியூ வந்தவர் எழுதுவார், ஒன்றும் வராதவர் எழுத மாட்டார். 2025 மேட்சில் மொத்தம் 43,237 இடங்கள் இருந்தன, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஐ.எம்.ஜி.க்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அதாவது நூற்றில் நாற்பத்திரண்டு பேருக்குக் கிடைக்கவில்லை, அவர்களின் குரல் எந்த ஷீட்டிலும் இல்லை. எந்தப் புரோகிராம் அழைப்பு அனுப்பத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ள வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் போனிலிருந்து எடுத்துவிட்டு, நெருங்கிய நண்பர் ஒருவரிடம் தேவையானதைச் சொல்லச் சொல்லுங்கள்.

மேட்ச் முடிவை எப்போது, எப்படிப் பதிவிடலாம்?

மார்ச் மூன்றாம் வெள்ளிக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் நண்பகல் 12 மணிக்கு, நமக்கு இரவு 9.30க்கு, எந்த இடம் என்று மின்னஞ்சல் வரும். தாராளமாகக் கொண்டாடுங்கள், போஸ்ட் போடுங்கள். மின்னஞ்சலின் ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் ஏ.ஏ.எம்.சி. எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர்களின் முடிவை அவர்கள் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லாதீர்கள், டேக்கும் செய்யாதீர்கள். கிடைக்காத நண்பருக்கு அன்றிரவு போன் செய்யுங்கள், கமெண்டில் ஆறுதல் எழுத வேண்டாம்.

பெயருக்குக் கீழே மருத்துவமனையின் பெயரைப் போடுவதற்கு ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பொறுங்கள், அதன் பிறகும் "சேரவிருக்கும் ரெசிடென்ட்" என்றே எழுதுங்கள். ஜூனில் ஓரியன்டேஷனின்போது மருத்துவமனையின் சோஷியல் மீடியா விதிகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். மற்ற காகிதங்களோடு சேர்த்துப் படிக்காமல் போட்டுவிடாதீர்கள்: வெள்ளைக் கோட்டில் அடையாள அட்டையோடு எடுத்த படத்தைப் போடலாமா கூடாதா என்பது உட்பட அதில் எழுதியிருக்கும்.